பண்டாவுக்குப் போகும் முன்

ஆகஸ்ட் 4, கோபிசெட்டிபாளையம்

நேற்று ஆடிப்பெருக்கு. வந்திருந்த ஒறம்பரையெல்லாம் கிளம்பிப் போய் வீடு அடங்கிவிட்டது. இன்று காலை சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அதன் மேல் இந்தோனேசியாவின் வரைபடத்தை விரித்தேன். அதன் கிழக்குப் பக்கத்தில் இருக்கும் பண்டா தீவுகளுக்குப் போக வேண்டும். எனக்குப் பயணம் இன்றைக்கே தொடங்கிவிட்டது. ஏற்பாடு நடக்க நடக்க அன்றன்றைக்கு எழுதி வைக்கப் போகிறேன்.

முப்பது வருடத்துக்கு மேல் பள்ளியில் புவியியல் நடத்தியிருக்கிறேன். தென்கிழக்கு ஆசியா பாடம் வந்தால் கரும்பலகையில் சுமத்ராவையும் ஜாவாவையும் பெரிதாக வரைவேன். கிழக்கே போகப் போக இடம் போதாது. அங்கே சாக்பீஸால் புள்ளி வைத்துக்கொண்டே போவேன். "அந்தப் புள்ளியில எல்லாம் ஆளு இருக்காங்களா டீச்சர்?" என்று ஒரு வருடம் ஒரு பெண் குழந்தை கேட்டாள். இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். என்ன சாப்பிடுகிறார்கள், என்ன பயிர் வைக்கிறார்கள், அக்கரைக்கு எப்படிப் போகிறார்கள் என்று அவளுக்குச் சொல்ல என்னிடம் அப்போது எதுவும் இல்லை. அது மனதில் தங்கிவிட்டது.

மேசையில் விரித்தபோதுதான் நாட்டின் நீளம் உறைத்தது. மேற்கு முனையிலிருந்து கிழக்கு முனை வரை 5,000 கிலோமீட்டருக்கு மேல். நம் குமரியிலிருந்து காஷ்மீர் வரை போனாலும் அவ்வளவு தூரம் வராது. 17,000-க்கும் மேற்பட்ட தீவுகள், 700-க்கும் மேற்பட்ட மொழிகள், ஒரே நாட்டுக்குள் மூன்று கடிகார நேரம். ஜகார்த்தா நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, பாலி இரண்டரை மணி, கிழக்கே அம்போன் மூன்றரை மணி. ஜாவா ஒரு தீவை மட்டும் எடுத்துக்கொண்டால் பரப்பளவில் ஏறக்குறைய நம் தமிழ்நாடு. ஆனால் அதற்குள் 15 கோடிப் பேருக்கு மேல் வாழ்கிறார்கள், நம்மைப்போல இரண்டு மடங்கு. எரிமலைச் சாம்பல் விழுந்து விழுந்து ஊறிய மண், அவ்வளவு பேருக்கும் சோறு போட்டிருக்கிறது.

வீட்டுக்காரர் வரைபடத்தின் ஓரத்தில் காபி டம்ளரை வைத்துக்கொண்டு, "எத்தன நாளு கண்ணு?" என்று கேட்டார். அதுதான் முதல் கணக்கு. மஞ்சளுக்கு இரண்டாம் மண் அணைப்பு புரட்டாசி முதல் வாரத்தில் முடிந்துவிடும். தீபாவளிக்கு மகள் குடும்பம் வரும். இடையில் மாடு கறக்கவும் தண்ணீர் பாய்ச்சவும் கொழுந்தனார் ஒத்துக்கொண்டது இரண்டு வாரத்துக்கு. கெஞ்சிக் கேட்டு இரண்டு நாள் கூட்டினேன். ஆக மொத்தம் பதினாறு நாள்.

ஆகஸ்ட் 7, கோபி

எந்த மாதம் போவது என்று கேட்டால் பாதிப்பேர், "ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம், அப்பப் போங்க" என்கிறார்கள். ஜாவாவுக்கும் பாலிக்கும் அது சரி. கிழக்கே அம்போனும் பண்டாவும் இருக்கும் மாலுக்குத் தீவுகளுக்கு அந்தக் கணக்கு உதவாது.

கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஆடி மாதம் வால்பாறையில் குடை இல்லாமல் வாசலுக்கு வர முடியாது. அதே நாளில், நூறு கிலோமீட்டர் தள்ளிக் காங்கேயத்தில் வெறும் காற்று, கண்ணெல்லாம் புழுதி. மலை எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம் என்பதில் இருக்கிறது மழை. அங்கேயும் அப்படித்தான். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் ஆஸ்திரேலியப் பக்கமிருந்து வரும் காற்று ஜாவாவைக் காய வைக்கிறது. அதே காற்று பண்டா கடலில் ஈரத்தை அள்ளிக்கொண்டு போய் அம்போனில் கொட்டுகிறது. ஜாவா காயும்போது அம்போன் நனைகிறது.

இவ்வளவு பெரிய வெப்பமண்டல நாட்டுக்கு ஒரே பருவம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதலில் எந்தத் தீவு என்று முடிவு செய்துவிட்டு அந்தத் தீவின் மழையைப் பாருங்கள். நாங்கள் போக நினைக்கும் பக்கத்தில் கடலும் சேர்ந்து முடிவு செய்கிறது. பண்டா கடல் வருடத்தில் இரண்டு முறை சாதுவாகிறது: மார்ச், ஏப்ரலில் ஒரு முறை, அக்டோபர், நவம்பரில் ஒரு முறை. எங்கள் பதினாறு நாளும் அக்டோபரை ஒட்டி விழுவது நல்ல காலம்தான்.

ஆகஸ்ட் 10, கோயமுத்தூர்

காலை ஆறு மணி பஸ்ஸில் கோவை. ஒரு பயண ஏற்பாட்டாளரிடம் பேசிப் பார்க்கலாம் என்று போனேன். ஐந்து நாள் பாலி, கடற்கரை விடுதி, மூன்று வேளையும் இந்தியச் சாப்பாடு என்று அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து வைத்தார். பண்டா தீவுகள் என்று சொன்னதும், "அது இந்தோனேசியாவா மேடம்?" என்றார். வரைபடத்தில் காட்டினேன். அதற்குப் பிறகும் பாலியையே சொல்லிக்கொண்டிருந்தார். வருத்தமாக இருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

பாலியை நான் குறைத்துச் சொல்லவில்லை. வயலுக்குத் தண்ணீர் பிரிக்க அவர்கள் வைத்திருக்கும் சுபாக் என்ற ஏற்பாட்டை 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. விவசாயிகளே கூடி, கோயிலை நடுவில் வைத்து, யாருக்கு எப்போது தண்ணீர் என்று முடிவு செய்கிறார்கள். கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சும் எங்களுக்கு அதைப் பார்க்க ஆசை இருக்காதா? ஆனால் பாலிக்கு நாலு நாள் கொடுத்தால் கிழக்கே போக நாள் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து, விட வேண்டியவற்றை ஒரு நோட்டில் எழுதினேன். சுமத்ராவை விடுவதுதான் கஷ்டமாக இருந்தது. அதன் மேற்குக் கரையில் பாரூஸ் என்ற ஊர், கற்பூரத்துக்குப் பேர்போன துறைமுகம். அதை ஒட்டிய லோபு துவாவில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் கூட்டத்தார் வைத்தது. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் நம் ஆட்கள் அங்கே உட்கார்ந்து தமிழில் கணக்கு எழுதியிருக்கிறார்கள். மேதான் நகரில் 1884-இல் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. தோட்ட வேலைக்குப் போன தமிழர்கள் கட்டியது. 74,000 வருடத்துக்கு முன்னால் வெடித்த எரிமலையின் பள்ளத்தில் நிற்கும் தோபா ஏரியும் அங்கேதான். எல்லாம் சேர்ந்தால் அதுவே தனியாகப் பதினாறு நாள் கேட்கும். கொமோடோ, காலிமந்தான், பாப்புவா எல்லாவற்றுக்கும் கோடு போட்டேன். சுமத்ராவுக்கு மட்டும் கோடு போடக் கை வரவில்லை. பக்கத்தில் 'அடுத்த முறை' என்று எழுதி வைத்தேன்.

ஆகஸ்ட் 16, ஆனைமலை

தம்பி தோப்புக்கு வந்திருக்கிறோம். இந்தப் பயணத்துக்கு ஆரம்பமே இந்தத் தோப்புதான்.

பொள்ளாச்சி தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் தென்னை. இந்தப் பத்து வருடத்தில் அந்தப் பச்சை குறைந்துகொண்டே வருகிறது. 2016-இல் சுருள் வெள்ளை ஈ இந்தப் பக்கம் வந்தது. ஓலையெல்லாம் கரும்பூஞ்சணம் படிந்து, புகை பிடித்த மாதிரி ஆனது. கேரளப் பக்கமிருந்து வாடல் நோயும் சேர்ந்துகொண்டது. தம்பி எண்பது மரத்துக்கு மேல் வெட்டினான். வெட்டின அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை என்று அவன் மனைவி சொன்னாள். இன்று தோப்பைத் தாங்கி நிற்பது தென்னைக்கு நடுவே அவன் வைத்த ஜாதிக்காய் மரங்கள்.

"வாங்கக்கா, காட்டறேன்" என்று கூட்டிப்போனான். ஜாதிக்காய்க்கு நல்ல நிழலும் ஈரமும் வேண்டும். தென்னை மேலே வெயிலை வாங்கிக்கொள்ள, கீழே இது கரும்பச்சையாக அடர்ந்து நிற்கிறது. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதை போட்டு முளைக்க வைத்தால் எது ஆண், எது பெண் என்று தெரிய ஆறேழு வருடம் காத்திருக்க வேண்டும். அதனால் இப்போது ஒட்டுக்கன்றுதான் வைக்கிறார்கள். காய் பழுத்தால் தானாக நடுவில் வெடிக்கும். மஞ்சள் தோல் இரண்டாகப் பிளந்து, உள்ளே கறுத்த கொட்டை, அதைச் சுற்றிச் செக்கச்செவேல் என்று வலை பின்னின மாதிரி ஜாதிபத்திரி. மரத்தில் அப்படியே வாய் திறந்து தொங்குவதை முதல்முறை பார்ப்பவர்கள் பூ என்று நினைப்பார்கள்.

ஆடி, ஆவணிதான் காய் அதிகம் விழும் காலம். தம்பி மனைவியும் நானும் முறத்தில் பொறுக்கினோம். பத்திரியைக் கிழியாமல் உரித்து நிழலில் காயவைக்க வேண்டும். கிழிந்தால் விலை இறங்கும். கொட்டையைவிடப் பத்திரிக்குத்தான் விலை அதிகம், ஆனால் கிடைப்பது கொஞ்சம்தான். தோலைக் கொஞ்சம் ஊறுகாய் போடுகிறார்கள். மீதி எருக்குழிக்குப் போகிறது. பண்டாவில் அந்தத் தோலைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து மிட்டாய் மாதிரி விற்கிறார்கள், ஜாமும் காய்ச்சுகிறார்கள் என்று நான் சொன்னதும் அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "ஏனுங் நங்கை, இத்தன நாளா இதக் குழியில கொட்டிட்டு இருந்தமே" என்றாள். அதைக் கற்றுக்கொண்டு வருவதற்காகவே அவளும் வருகிறாள். நாங்கள் இரண்டு பேர், தம்பி, அவள், ஆக நாலு பேர்.

ஆகஸ்ட் 17, ஆனைமலை

ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து பண்டாவின் கதையைச் சொன்னேன். தம்பிக்கு மரம் தெரியும், வரலாறு தெரியாது.

உலகத்து ஜாதிக்காய்க்கெல்லாம் பிறந்த வீடு அந்தச் சின்னஞ்சிறு தீவுக்கூட்டம். பல நூற்றாண்டுகள் வேறெங்கும் அது விளையவில்லை. அரபு வணிகர் கை மாறி, வெனிஸ் கை மாறி ஐரோப்பாவுக்குப் போனது. பிறகு போர்த்துகீசியர் வந்தார்கள், டச்சுக்காரர் வந்தார்கள். 1621-இல் டச்சுக் கம்பெனியின் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சூன் கூன் படையோடு வந்து இறங்கினான். தீவின் பெரியவர்கள் 44 பேரின் தலையைக் கூலிப்படையை வைத்து வெட்டினான். மக்களில் பெரும்பாலானோர் கொல்லப்பட்டார்கள், அல்லது மலையில் பட்டினி கிடந்து செத்தார்கள், அல்லது அடிமையாகக் கப்பலேற்றப்பட்டார்கள். கொஞ்சம் பேர் படகில் தப்பினார்கள். ஆளில்லாத தோட்டங்களில் வேலை செய்ய வேறு ஊர்களிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். கொட்டை வேறெங்கும் முளைத்துவிடக் கூடாது என்று சுண்ணாம்பில் முக்கியெடுத்து விற்றார்கள்.

"ஒரு மரத்துக்காகவா?" என்றான் தம்பி. கையில் ஒரு கொட்டையை வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் பேசவில்லை.

பண்டாவுக்குள் ருன் என்று ஒரு துண்டுத் தீவு, ஆங்கிலேயர் உரிமை கொண்டாடியது. 1667-இல் பிரேடா ஒப்பந்தத்தில் அது டச்சுக்காரரிடம் போனது. அவர்கள் அமெரிக்காவில் வைத்திருந்த மன்ஹாட்டன் ஆங்கிலேயரிடம் தங்கியது. அன்றைக்கு ருன் தோட்டம்தான் பெரிய சொத்து. பிறகு 1800-களின் தொடக்கத்தில், நெப்போலியன் போர்க் காலத்தில் பண்டாவைப் பிடித்த ஆங்கிலேயர் நாற்றுகளை எடுத்துப் பினாங்குக்கும் இலங்கைக்கும் கொண்டுபோனார்கள். அத்தோடு அந்தத் தனியுரிமை முடிந்தது.

பண்டாவில் ஜாதிக்காய்க்கு நிழல் கொடுப்பது கெனாரி என்ற பெரிய மரம். அதுவும் பருப்பு காய்க்கும். மேலே ஒரு விளைச்சல், கீழே ஒரு விளைச்சல். நம் தென்னையும் ஜாதிக்காயும் மாதிரியே. தென்னை போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் வேறெந்த மரம் நிழல் கொடுக்கும் என்று தம்பி தவித்துக்கொண்டிருக்கிறான். அந்தத் தோட்டங்களை அவன் நேரில் பார்த்தே ஆக வேண்டும்.

இன்று காலை கிளம்பும்போது அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "அக்கா, அங்கிருந்து ரெண்டு வெத கொண்டாந்தா?" கூடாது என்று சொல்லிவிட்டேன். அனுமதி வாங்காமல் விதையோ கன்றோ நாட்டுக்குள் கொண்டுவருவது சட்டப்படி தப்பு. சட்டத்தை விடுங்கள், வெள்ளை ஈ நம் தோப்புக்குள் வந்த பிறகு என்ன பாடு பட்டோம் என்று அவனுக்கே தெரியும். சரி என்று தலையாட்டினான்.

ஆகஸ்ட் 23, கோபி

இன்று எங்கள் ஊரில் நிழல் விழாத நாள். கோபி வடக்கே பதினொன்றரை பாகை அட்சத்தில் இருக்கிறது. சூரியன் ஏப்ரல் 20-ஐ ஒட்டி ஒரு முறையும், தெற்கே திரும்பி வரும்போது ஆகஸ்ட் 23-ஐ ஒட்டி ஒரு முறையும் நம் நடு உச்சிக்கு வரும். பள்ளியில் இருந்தவரை வருடா வருடம் மைதானத்தில் கம்பு நட்டுப் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைப்பேன். இன்று வீட்டு வாசலிலேயே நட்டேன். 12.20 தாண்டியதும் நிழல் கம்புக்கடியில் ஒடுங்கிக் காணாமல் போனது. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் கை தட்டினார்கள்.

கம்பைப் பிடுங்கும்போதுதான் தோன்றியது. சூரியன் இங்கிருந்து தெற்கே போகிறது, நாங்களும் போகிறோம். பண்டா தெற்கே நாலரை பாகையில் இருக்கிறது. கணக்குப் போட்டேன். அக்டோபர் 4, 5 தேதிகளில் சூரியன் பண்டாவின் நேர் உச்சியில் நிற்கும். நடுவில் பூமத்திய ரேகையைத் தாண்டியிருக்கும், எங்களைப் போலவே. ஆக, நாங்கள் அக்டோபர் 4-இல் பண்டாவில் இருக்க வேண்டும். தேதி முடிவாகிவிட்டது.

செப்டம்பர் 1, கோபி

டிக்கெட் போட்டாயிற்று. இரண்டு நாள் இதிலேயே போனது.

கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து ஜகார்த்தா. ஜகார்த்தாவிலிருந்து அம்போன் மூன்றரை மணி நேரம். அம்போனிலிருந்து பண்டா நெய்ரா சுமார் 200 கிலோமீட்டர் கடல். துலேஹு துறையிலிருந்து போகும் விரைவுப் படகு கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் மட்டும் ஓடும், ஏறக்குறைய ஆறு மணி நேரம். அரசுக் கப்பல் நிறுவனமான பெல்னியின் பெரிய கப்பலும் போகிறது. அதன் அட்டவணை ரொம்ப முன்னால் வெளிவராது.

வரிசையை மாற்றியதுதான் நான் செய்த உருப்படியான வேலை. முதலில் ஜாவா, கடைசியில் பண்டா என்றுதான் எல்லோரும் போடுவார்கள். கடைசி நாளில் கடல் சீறிப் படகு நின்றுவிட்டால் ஊர் திரும்பும் விமானமும் போய்விடும். அதனால் முதலில் பண்டா. அம்போனில் போகும்போது ஒரு நாள், வரும்போது ஒரு நாள் சும்மா விட்டு வைத்தேன். வீட்டுக்காரர் அதைப் பார்த்து, "வாய்க்கால் தண்ணி வர்றதுக்கு முந்தி நாத்து விடற மாதிரி, கைல நாள் வெச்சுக்கோணும்" என்றார். ஜாவாவில் இருக்கும் ஜோக்ஜகார்த்தா நகரம் கடைசியில். அங்கிருந்து ரயிலில் ஜகார்த்தா, ஆறு மணி நேரத்துக்கு மேல். ஜாவாவின் வயல்களை ஜன்னல் வழியாகப் பார்க்கலாம் என்று ரயிலைத் தேர்ந்தெடுத்தோம்.

பெயரில் ஒரு சிக்கல். வீட்டுக்காரர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி, ஒரே பெயர்தான். டிக்கெட் போடும்போது கடைசிப் பெயர் கொடுக்காமல் அடுத்த பக்கம் போகவில்லை. நாமாக அப்பா பெயரைப் போட்டால் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாது. ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒரு முறை இருக்கிறது. அவர்களிடமே கேட்டு, அவர்கள் சொன்னபடி போட்டோம். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். பணம் கட்டுவதற்கு முன்னால் இதைக் கேட்டுவிடுங்கள்.

விசா சுலபம். இந்தியர்களுக்குப் போய் இறங்கியதும் கொடுக்கிறார்கள், முன்கூட்டியே இணையத்திலும் எடுக்கலாம். 30 நாளுக்கு ஆளுக்கு 5,00,000 ருபியா. தொகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நம் ஒரு ரூபாய்க்கு 180 ருபியாவை ஒட்டி வருகிறது, அன்றாடம் கொஞ்சம் ஏறி இறங்கும். பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும், திரும்பும் டிக்கெட் கையில் இருக்க வேண்டும்.

செப்டம்பர் 9, ஈரோடு

வீட்டுக்காரரோடு மஞ்சள் மார்க்கெட். போன வருடத்து விரலி கொஞ்சம் இருப்பு இருந்தது, அதை விற்றுத்தான் செலவுக்கு. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல மாதிரியாக ஒரு கிலோ எடுத்து வைத்துக்கொண்டார். ஜாவாவில் யாரிடமாவது காட்ட வேண்டுமாம். அரசாங்க விதி பார்த்து, முடிந்தால் கொண்டுபோவது, முடியாவிட்டால் போட்டோ என்று பேசி முடித்தோம்.

அங்கே மஞ்சளுக்குக் குன்யிட் என்று பெயர். மஞ்சளும் புளியும் சேர்த்துக் காய்ச்சிய குன்யிட் அசாம் என்ற பானம் வீட்டுக்கு வீடு குடிக்கிறார்கள். இப்படி வேர், கிழங்கு, இலை போட்டுக் காய்ச்சுவதற்கெல்லாம் பொதுப்பெயர் ஜாமு. முதுகில் கூடை கட்டி, அதில் சீசாக்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் தெருவில் விற்று வருவார்கள். 2023-இல் யுனெஸ்கோ அதையும் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. நம் பாட்டிமார் சுக்கு, மிளகு தட்டிப்போட்டுக் காய்ச்சியதை யாரும் கூடையில் தூக்கி விற்கவில்லை. விற்றிருந்தால் நம் தலைமுறைக்கும் கை வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஜோக்ஜகார்த்தாவில் பெரிங்ஹார்ஜோ சந்தைக்கு ஒரு காலை முழுவதும் ஒதுக்கியிருக்கிறோம்.

செப்டம்பர் 13, கோபி

புரட்டாசி பிறக்கப் போகிறது. வீட்டுக்காரர் மாதம் முழுவதும் கவிச்சி தொட மாட்டார். பண்டாவைச் சுற்றிலும் கடல், சாப்பாடு என்றால் மீன். என்ன செய்வது என்று ஒரு வாரமாகப் படித்தேன்.

கவலைப்பட ஒன்றும் இல்லை. சோயாவை இலையில் கட்டிப் புளிக்க வைத்துச் செய்யும் தெம்பே ஜாவாவின் சொந்தச் சரக்கு. அதை வறுத்தும் பொரித்தும் குழம்பில் போட்டும் தருகிறார்கள். வேகவைத்த காய்கறி மேல் கடலைக்காய்ச் சட்னி ஊற்றினால் காடோ காடோ. கடலைக்காய் விளைகிற ஊர்க்காரர்களுக்கு அது பிடிக்காமல் போகுமா? ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். தெராசி என்ற இறால் விழுதைக் காய்கறிக் குழம்பிலும் சம்பல் என்ற மிளகாய்த் துவையலிலும் கலந்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாது. 'தன்பா தெராசி', தெராசி இல்லாமல், என்று கேட்டு வாங்க வேண்டும். தம்பி மனைவி பருப்புப் பொடியும் கொள்ளுப் பொடியும் இடித்து வைத்திருக்கிறாள். எங்கே போனாலும் சுடுசோறு கிடைக்கும், இது போதும்.

மொழியும் கொஞ்சம் படிக்கிறேன். ரோமன் எழுத்துத்தான், அதனால் பெயர்ப்பலகை வாசிக்கலாம். காலம் காட்ட வினைச்சொல் மாறாது. பன்மைக்குச் சொல்லை இரண்டு முறை சொன்னால் போதும். கப்பலுக்கு 'கபால்', கடைக்கு 'கெடாய்', கிடங்குக்கு 'குடாங்', போட்ட முதலுக்கு 'மோடால்'. படிக்கும்போதே நம் துறைமுகத்து ஆட்கள் பேசுவது மாதிரி இருக்கிறது. கப்பல், கடை, கிடங்கு, முதல்: என்ன வேலையாக அங்கே போனோம் என்று இந்த நாலு சொல்லே சொல்லிவிடுகிறது.

செப்டம்பர் 18, திருப்பூர்

என்னிடம் படித்த பையன் ஒருவன் இங்கே பனியன் கம்பெனி வைத்திருக்கிறான். தொழில் விஷயமாக ஜாவா போய் வந்தவன். கையில் மீந்திருந்த இந்தோனேசிய நோட்டு ஒன்றைக் கொடுத்தான். சிவப்பு நிற 1,00,000 ருபியா. அதில் அந்த நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் சுகர்னோவும் முதல் துணைத் தலைவர் முகமது ஹத்தாவும் இருக்கிறார்கள். "டீச்சர், நீங்க போற தீவுலதான் இவர சிறை வெச்சாங்க" என்று ஹத்தாவைக் காட்டினான். உண்மைதான். ஹத்தாவையும் அவரோடு விடுதலைக்குப் போராடிய ஷாரிரையும் டச்சு அரசு 1936-இல் பண்டா நெய்ராவுக்கு நாடு கடத்தியது. ஆறு வருடம் அங்கே இருந்தார்கள். தீவுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஒரு ஆசிரியையாக அந்த வாசலில் நிற்க எனக்கு ரொம்ப ஆசை.

சின்னத் தீவில் பணம் எடுக்கும் இயந்திரத்தை நம்ப வேண்டாம், அம்போனிலேயே சில்லறை நோட்டாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள் என்றான். ரத்த அழுத்த மாத்திரை பதினாறு நாளுக்குப் பதில் முப்பது நாளுக்கு, சீட்டோடு. கொசுவுக்கு மருந்து. மருத்துவக் காப்பீடு நாலு பேருக்கும் எடுத்தாயிற்று.

செப்டம்பர் 27, பீளமேடு விமான நிலையம்

மண் அணைப்பு முந்தாநாள் முடிந்தது. மழை வந்தால் வடிகால் எங்கே வெட்ட வேண்டும் என்று கொழுந்தனாரிடம் வீட்டுக்காரர் நாலு முறை சொன்னார். கிளம்பும்போது மாட்டைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்தார்.

தம்பி குடும்பம் பொள்ளாச்சியிலிருந்து நேராக வந்துவிட்டார்கள். தம்பி முதல்முறை விமானம் ஏறுகிறான். பையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறான். மரத்துக்கு மரம் எத்தனை அடி, கெனாரி எவ்வளவு உயரம், ஆண் மரம் எத்தனைக்கு ஒன்று, காய் எப்போது இறங்குகிறது என்று கேள்வியாக எழுதி வைத்திருக்கிறான். மூன்று பக்கம். இந்தோனேசிய மொழியில் எப்படிக் கேட்பது என்று என்னிடம் பக்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டான். ஜாதிக்காய்க்கு 'பாலா', தென்னைக்கு 'கெலாப்பா'.

ஜோக்ஜகார்த்தாவில் இரண்டு இடத்துக்கு மட்டும் முன்பதிவு இருக்கிறது. போரோபுதூர் தூபியின் மேலே ஏறத் தனிச் சீட்டு, தினமும் குறிப்பிட்ட எண்ணிக்கைதான் அனுமதி. இன்னொன்று பிரம்பானன், 47 மீட்டர் உயரச் சிவன் கோயில். அதன் தெற்கு அறையில் அகத்தியர் நிற்கிறார். பொதிகை மலைக்காரரை ஜாவாவில் போய்ப் பார்க்கப் போகிறோம்.

என் பையில் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்று இருக்கிறது. அக்டோபர் 4, பண்டா நேரம் 12 மணி தாண்டி ஒன்பது நிமிடத்துக்கு அதை மண்ணில் செங்குத்தாக நட வேண்டும். தீவில் பள்ளிக்கூடம் இருக்கும், பிள்ளைகள் இருப்பார்கள். கூப்பிட்டால் வருவார்கள்.

சிங்கப்பூர் விமானத்துக்கு அழைக்கிறார்கள். தம்பி எழுந்து நின்றுவிட்டான்.